கடல் எந்தப் பக்கம்

மார்கழி 4

பொற்கொடி இன்று காலை சிங்கப்பூரிலிருந்து அழைத்தாள். மாசி மாதத்தில் அவளுக்கு ஒரு வாரம் விடுமுறை கிடைக்கிறதாம். மாப்பிள்ளைக்கு விடுப்பு இல்லையாம். நானும் அவளுடைய தந்தையும் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துவிட்டால், பேரன் நிலவனையும் அழைத்துக்கொண்டு நால்வருமாக லங்காவித் தீவுக்குச் செல்லலாம் என்பது அவளுடைய யோசனை. மலேசியாவின் வடமேற்குக் கடலில், சின்னஞ்சிறு தீவுகள் பல சூழ்ந்திருக்க, நடுவே மலையும் காடும் அருவியுமாக அமைந்த தீவு அது. விமான நிலையத்திலேயே வாடகைக்குக் கார் எடுத்து, நாமே ஓட்டிக்கொண்டு தீவைச் சுற்றி வரலாமாம்.

"ஓட்டுறது யாரு?" என்று கேட்டேன்.

"இதென்னம்மா கேள்வி? அப்பா எதுக்கு இருக்காங்க? என் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எங்கப்பா ஸ்டியரிங் பிடிச்சா டம்ளர்ல தண்ணி தளும்பாதுன்னு."

அவர் என் தோளுக்கு மேலாகக் குனிந்து செல்பேசியிடம் சொன்னார்: "ஓட்டிரலாம் மக்கா. முப்பது வருசம் திருச்செந்தூர் ரூட்ல பஸ் ஓட்டுனவனுக்கு ஒரு தீவு பெருசா?"

நிலவன் "தாத்தா கார்! தாத்தா கார்!" என்று கத்தியது இங்கே வரை கேட்டது. அவனுக்கு மூன்று வயது ஆகிறது.

பேசி முடித்த பின், அணைத்து வைத்திருந்த தொலைக்காட்சியைப் பார்த்தபடி அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மகிழ்ச்சியில் சிலர் அப்படி இருப்பதுண்டு.

பயணத் திட்டம் வகுக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். எட்டாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தினார்கள். மகள் பத்தாம் வகுப்பு எழுதிய அதே ஆண்டில், அவளுடைய புத்தகங்களையே படித்து, தனித்தேர்வராக நானும் எழுதித் தேறினேன். தமிழில் அவளைவிட எனக்குத்தான் மதிப்பெண் கூடுதல். இந்தத் தெருவிலிருந்து மாநகராட்சிக்குச் செல்லும் மனுக்கள் எல்லாம் என் கையெழுத்தில்தான் செல்கின்றன. செண்பகவடிவு வகுத்த திட்டத்தில் ஓட்டை இருந்தது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

மார்கழி 6

ஜெராக்ஸ் கடையில் தீவின் வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து வந்தேன். சாப்பாட்டு மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் எவர்சில்வர் டம்ளர்களை வைத்தேன்.

அங்கும் நம்மைப் போலச் சாலையின் இடப்பக்கமே ஓட்டுகிறார்கள். ஆகவே கடிகாரமுள் சுற்றும் திசையில் தீவைச் சுற்றினால், கடல் எப்போதும் நமக்கு இடப்பக்கம் வரும். ஓட்டுநருக்கு அருகில் அமரப்போகிறவள் நான். எனக்குப் பின்னால் நிலவன். இருவருடைய சன்னலுக்கும் கடல். முதல் நாள் தெற்கே செனாங் கடற்கரை, இரண்டாம் நாள் மேற்கே ஏழு கிணற்று அருவி, மூன்றாம் நாள் வடக்கே தஞ்சோங் ரூ கடற்கரை என்று சிவப்பு மையால் கோடு இழுத்தேன்.

அவர் தலையைச் சற்றே திருப்பி வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தார். பிறகு என் கோட்டின் மேலேயே விரலை வைத்து எதிர்த்திசையில் சுற்றினார்.

"இப்படிப் போவோம்."

"அப்படிப் போனால் கடல் உங்கள் பக்கம் வந்துவிடுமே?"

"வரட்டும். கடலு என் பக்கம் இருக்கட்டும். எல்லாம் லெப்ட்லயே திரும்பிக்கிட்டுப் போயிரலாம்லா."

எனக்கு விளங்கவில்லை. ஆயிரக்கணக்கான தடவை திருச்செந்தூர் போய் வந்தவர் இவர். ஒரு நாளாவது கடலில் கால் நனைத்தது கிடையாது. "அங்கன என்ன இருக்கு, தண்ணிதான" என்பார். அப்படிப்பட்டவருக்கு இந்த வயதில் கடல் மேல் இத்தனை ஆசையா? அதுவும், என் சன்னலிலிருந்தும் குழந்தையின் சன்னலிலிருந்தும் பறித்துத் தம் பக்கம் வைத்துக்கொள்ளும் அளவுக்கு?

மார்கழி 7

சுற்றும் திசை முடிவாகவில்லை. இட்லிக்கு உளுந்து ஊறவைத்தேன்.

மார்கழி 11

லூர்து அக்கா வீட்டிலிருந்து கிறிஸ்துமஸ் முறுக்கும் அச்சப்பமும் வந்தன. பக்கத்து வீடுதான் என்றாலும் அவர் வாசல் மணியை அடித்துவிட்டுத்தான் வருவார்.

"என்னட்டி வடிவு, மலேசியா போறியாமே? தெருவே பேசுது. நீதான் பேச வச்சிருப்ப."

"கேட்டவர்களுக்குப் பதில் அளித்தேன், அவ்வளவுதான் அக்கா."

"இன்னா, செய்தி வாசிக்க ஆரம்பிச்சிட்டா! வீட்டுக்குள்ளயாவது மனுசர் மாதிரி பேசேம்ட்டி."

அக்கா கேலி செய்வதில் எனக்கு வருத்தம் இல்லை. சரியாகப் பேசுவது ஒரு பழக்கம். அது வந்துவிட்டால் போகாது.

இன்னொன்றையும் குறித்து வைக்கிறேன். சமீப காலமாக வெளியே நடக்கும்போது அவர் என்னைத் தம் வலப்பக்கம் வரச் சொல்கிறார். கல்யாணமான நாள் முதல் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து பழகியவர், நேற்று மார்க்கெட் போகும்போது என் முழங்கையைப் பிடித்து, "இந்தப் பக்கமா வா" என்று வலப்பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டார். ராமசாமி கடை வாசலில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகவும், உண்மையைச் சொன்னால், சற்றுப் பெருமையாகவும் இருந்தது.

ஆனால் வீட்டிற்கு வந்து நான் காபி வைத்த உடனேயே டம்ளரைத் தட்டிவிட்டு, "எங்கெல்லாம் வைக்க நீ!" என்று சத்தம் போட்டார். எப்போதும் வைக்கும் இடத்தில்தான் வைத்தேன்.

மார்கழி 15

வெளிநாட்டில் கார் ஓட்ட, நம்முடைய உரிமம் மட்டும் போதாது என்பதைக் கண்டுபிடித்தேன். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச அனுமதி பெற வேண்டும். கூடவே மருத்துவரிடம் சான்றிதழும் வாங்க வேண்டும். இதைப் பொற்கொடியிடம் சொல்லவில்லை. அனுமதியைக் கையில் வாங்கிய பின் சொன்னால்தான் சிறப்பாக இருக்கும்.

"நாளைக்கே போய் வந்துவிடலாம்" என்றேன்.

"நாளைக்குக் கூட்டமா இருக்கும்."

"திங்கட்கிழமை?"

"திங்கக்கிழமை அங்க ஆளே இருக்க மாட்டான்."

"கூட்டம் இருந்தாலும் ஆகாது, ஆள் இல்லாவிட்டாலும் ஆகாதா?"

"பொங்கல் கழியட்டும்ட்டி. ஆபீசு எங்க ஓடியா போகுது?"

முன்பு பணிக்காலத்தில், காய்ச்சல் என்றாலும் வண்டியை எடுக்காமல் இருந்தவர் அல்லர். அலுவலகம் செல்ல ஏன் இத்தனை தயக்கம்? காகிதங்களை நிரப்புவதில் கூச்சமோ என்று எண்ணி, "விண்ணப்பத்தை நானே எழுதித் தருகிறேன், நீங்கள் கையெழுத்திட்டால் போதும்" என்றேன். மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டார். இதுவரை அவர் துணி எடுத்து நான் பார்த்ததில்லை.

மார்கழி 19

இன்று ஒரு சம்பவம்.

லூர்து அக்காவின் மகன் துபாயில் இருப்பதால் அந்தப் பிள்ளையின் கார் பெரும்பாலும் உறைக்குள்ளேயே கிடக்கும். பஸ் ஓட்டிய கைக்குக் கார் பழக வேண்டும் என்று நான்தான் அக்காவிடம் சாவியைக் கேட்டு வாங்கி வந்தேன். இவர் வேண்டாம் என்றார், வேண்டும் என்றார், பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

கார் அக்கா வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை. வலப்பக்கத் தூணில் நெடுக உரசிக்கொண்டு வந்து நின்றது.

அவர் இறங்கி, தூணைச் சுற்றி வந்து பார்த்தார். "இந்தத் தூணை இங்க எவன் கட்டுனான்?"

அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார். "ஏன் அண்ணாச்சி, எங்க மாமனார் காலத்துலேருந்து அது அங்கனதான் நிக்கி. உங்களைக் கண்டதும் நடந்து ரோட்டுக்கு வந்துட்டோ?"

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். வழக்கமாக இவர் பதிலுக்கு ஏதாவது சொல்லி அக்காவையே சிரிக்க வைப்பார். இன்றோ சாவியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கீறலைச் சரிசெய்து தருவதாக அக்காவிடம் சொன்னேன். "சவத்த விடு. மனுசன் மூஞ்சி ஏன் அப்படிப் போச்சு? அதப் பாரு முதல்ல" என்றார்.

பஸ் மிக நீளமானது. கார் குட்டையானது. இரண்டுக்கும் அளவு வேறு என்பதால் கை தடுமாறியிருக்கலாம். இது என் விளக்கம். இதில் எனக்கே முழு நிறைவு இல்லை.

மார்கழி 22

காலையில் பல் துலக்கிக்கொண்டே கேட்டார்: "அந்தத் தீவுல ரவுண்டானா உண்டா?"

பார்த்துச் சொல்வதாகச் சொன்னேன். செல்பேசியில் சாலைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பல இடங்களில் உண்டு. வலப்பக்கமிருந்து வரும் வண்டிகளுக்கு வழிவிட்ட பிறகே உள்ளே நுழைய வேண்டும் என்பது அங்கே விதி. மாலையில் இதை விளக்கிச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"ரவுண்டானா இல்லாத வழியாப் பாரு."

"வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் தினமும் திரும்பியவர் நீங்கள்."

"அது பஸ்ஸுட்டி. பஸ்ஸப் பாத்தா எல்லாரும் ஒதுங்கிருவான்."

எல்லாத் திருப்பங்களும் இடப்பக்கமாக இருக்க வேண்டும். ரவுண்டானா இருக்கக் கூடாது. சாயங்காலம் ஓட்ட முடியாது என்று நேற்றுச் சொன்னார், அதையும் சேர்த்துக்கொள்கிறேன். இத்தனை நிபந்தனைகளுக்கும் உட்பட்டுக் கோடு இழுத்துப் பார்த்தேன். விமான நிலையத்திலிருந்து வெளியே வரவே வழி இல்லை.

"போக விருப்பம் இல்லை என்றால் சொல்லிவிடுங்கள்" என்றேன்.

"போகணும். என் பேரன உக்கார வச்சு நான் ஓட்டணும்" என்றார்.

போக வேண்டும் என்பவர் ஏன் ஒவ்வொரு வழியையும் அடைக்கிறார்?

தை 1

பொங்கல் இனிதே பொங்கியது. நிலவன் காணொளியில் "பொங்கலோ பொங்கல்" என்றான். "தாத்தா கார் எங்க?" என்றும் கேட்டான்.

தை 4

பொங்கல் கழிந்துவிட்டது. அனுமதி பெறப் போகவில்லை. இன்று கேட்டதற்கு முழங்கால் வலி என்றார். ஆனால் நேற்று பரணில் ஏறி ஒட்டடை அடித்தார்.

அவரிடம் பேசி வழிக்குக் கொண்டுவர ஒரே ஒருவரால்தான் முடியும் என்று முடிவு செய்தேன். பேச்சிமுத்து. இவருடைய பஸ்ஸில் பல்லாண்டு கண்டக்டராக இருந்தவர். இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். பேச்சிமுத்து விசில் அடித்தால்தான் இவருக்கு வண்டி நகரும் என்று டிப்போவில் சொல்வார்களாம். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு இருவருக்கும் ஏதோ மனத்தாங்கல். அதன் பிறகு இவர் அந்தப் பெயரையே எடுப்பதில்லை. காரணம் கேட்டால், "அவன் பேச்ச எடுக்காத" என்பார். ஏதேனும் பணி நேரத் தகராறாக இருக்கும் என்று நான் விட்டுவிட்டேன்.

நண்பர்களைச் சேர்த்து வைப்பதும் நல்ல காரியமே. பேச்சிமுத்துவைத் தொலைபேசியில் அழைத்து, நாளைக் காலை வரச் சொன்னேன். அந்த நேரத்தில் இவரை முடிவெட்ட அனுப்பிவிடுகிறேன். திரும்பி வந்ததும் எதிரெதிரே பார்த்துக்கொண்டால் பேசாமலா இருந்துவிடுவார்கள்?

தை 5

நிதானமாக எழுத முயல்கிறேன்.

பேச்சிமுத்து சொன்னபடியே வந்தார். தலை முழுதும் நரைத்துவிட்டது. செருப்பை வாசற்படியில் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அண்ணன் இல்லையா மைனி?"

"முடி வெட்டப் போயிருக்கிறார். வந்துவிடுவார்."

"நல்லவேளை. இருந்திருந்தா செருப்பக் கழட்டியிருக்க மாட்டேன்."

காபி கொடுத்துவிட்டு வரைபடத்தை விரித்தேன். தீவு, கடற்கரைகள், சாலைகள், அனுமதி பெறுவதில் உள்ள தாமதம் யாவற்றையும் வரிசையாக எடுத்துரைத்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கார ஆரு ஓட்டப் போறா?"

"அவர்தான். வேறு யார்?"

"அண்ணனா?"

"ஏன் தம்பி, அவர் ஓட்டக் கூடாதா?"

பேச்சிமுத்து என்னையே பார்த்தார். "மைனி, உங்களுக்கு விசயம் தெரியும்லா?"

என் கணவரைப் பற்றி மற்றொருவருக்குத் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியாது என்று நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

"தெரியாமலா இருக்கும்? எல்லாம் தெரியும்."

அவர் பெருமூச்சு விட்டார். தோள் தளர்ந்து நாற்காலியில் சாய்ந்தார். "தெரியும்னா சரி. இத்தன வருசமா உங்க முகத்துல எப்படி முழிக்கன்னு கெடந்தேன். அண்ணனே சொல்லிட்டாவளா? அப்பம் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்."

நான் தலையசைத்தேன்.

அதன் பின் அவர் தயங்காமல் பேசினார். நான் அறிந்தவள் என்று நம்பிப் பேசினார்.

"வலது கண்ணு போயிட்டிருக்குன்னு மொதல்ல கண்டுபிடிச்சது நான்தான் மைனி. ஆருட்டயும் சொல்லாதல, பேரு கெட்டுரும்னு என் கையப் பிடிச்சுக்கிட்டாவ. நானும் சொல்லல. டிக்கெட்டக் குடுத்து முடிச்சதும் ஓடி வந்து அவிய சீட்டுக்குப் பின்னால நின்னுக்கிடுவேன். அண்ணே ரைட்ல லாரி, அண்ணே ரைட்ல ஆட்டோ. ஒரு வருசத்துக்கு மேல அவியளுக்கு வலது கண்ணு நான்தான். அப்புறம் குரும்பூர் தாண்டி அந்தப் பைக்கு. உங்கள்ட்ட சொல்லியிருப்பாவளே."

"சொன்னார்" என்றேன்.

"ஸ்கூல் யூனிபார்ம்ல ஒரு சின்னப் புள்ள, முன்னால உக்காந்திருக்கு. அப்பன் ஓட்டுதான். ரைட்ல சந்துக்குள்ளேருந்து நேரா வாரான். அண்ணனுக்குத் தெரியல. பஸ்ல நல்ல கூட்டம், நான் பின்னால மாட்டிக்கிட்டேன். ஒத்த விசில் அடிச்சேன் பாருங்க மைனி, நெஞ்சு வெடிச்சிரும் போல. ஒத்த விசில் கேட்டா அவிய காலு தன்னால பிரேக்குக்குப் போயிரும், அந்தப் பழக்கம் காப்பாத்திச்சு. அந்தப் புள்ள கைய நீட்டி பஸ் மூஞ்சியத் தொட்டுட்டு இருக்கு, அவ்வளவு பக்கம். மறுநாளு நானே டிப்போல போயிச் சொல்லிட்டேன். கண்ண டெஸ்ட் பண்ணி, வண்டிய விட்டு இறக்கிட்டாவ. அதான் கடைசி வரைக்கும் கேட்ல உக்காந்து, போற வண்டி வார வண்டிக்கு நேரம் எழுதிட்டு இருந்தாவ. அந்த இருப்பு அவியளால தாங்க முடியல. சொன்னவன் நான்லா? அதான் எம் மூஞ்சில முழிக்க மாட்டாவ."

அவர் பேசிக்கொண்டிருக்கையில் எனக்குக் காக்கிச் சட்டை நினைவுக்கு வந்தது. பல்லாண்டுகள் அந்தச் சட்டையின் முதுகை இரண்டு முறை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். என்ஜின் சூட்டில் ஊறிய வியர்வை அது, எளிதில் போகாது. கடைசி ஆண்டுகளில் அது ஒரே தேய்ப்பில் வெளுத்தது. புதிய பஸ் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பேச்சிமுத்து வரைபடத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஆனா ஒண்ணு கேக்கேன், கோவிக்கப்படாது. எல்லாம் தெரிஞ்சுமா மைனி, பாப்பாவையும் அந்தப் பச்சப் புள்ளையையும் அண்ணன் ஓட்டுத வண்டில ஏத்துதீய?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் நான் அறியாதவள். தெரியும் என்று சொல்லிவிட்டதால் நான் யார்?

"அதைப் பற்றி ஆலோசிக்கத்தான் உங்களை வரச் சொன்னேன்" என்றேன்.

"நான் சொல்லி எடுபடாது மைனி. நீங்கதான் சொல்லணும்."

வாசலில் கதவு கிறீச்சிட்டது. இருவரும் திரும்பினோம். அவர் படியருகே வந்து, கீழே கிடந்த செருப்பைப் பார்த்தார். நிமிர்ந்து உள்ளே பார்க்கவில்லை. அப்படியே திரும்பித் தெருவில் நடந்து போய்விட்டார்.

மதியம் சாப்பாட்டு வேளையில் வந்தார். யார் வந்தது, என்ன பேசியது என்று கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவனுக்குக் காபி குடுத்தியா?"

"கொடுத்தேன்."

"சீனி கூடப் போடணும் அவனுக்கு."

தை 6

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ரேஷன் கடையில் பருப்பு வந்திருந்தது.

தை 7

வீட்டை இன்று வேறொருவர் வீட்டைப் பார்ப்பது போலப் பார்த்தேன். நாற்காலியை அவர் சுவரின் வலது கோடியில் போட்டிருக்கிறார். அங்கே உட்கார்ந்தால் அறை முழுவதும் அவருக்கு இடப்பக்கம் அமையும். செய்தித்தாளைச் சாய்த்துப் பிடிக்கிறார். மார்க்கெட்டில் என்னை வலப்பக்கம் நிறுத்தியதை நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பை நீட்டிக்க விரும்பவில்லை.

இரவு உணவுக்கு அவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த தோசையை எடுத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்து, அவருக்கு வலப்பக்கமாக நின்றேன். ஓசை எழாதபடி நின்றேன். அவர் சட்னியைத் தொட்டுச் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். "தோச வருதா?" என்று சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். நான் கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

பின்வாங்கிச் சமையலறைக்குள் போனேன். சற்று நின்று, வளையல்களைக் குலுக்கிக்கொண்டு, இடப்பக்கமாக வந்து பரிமாறினேன்.

"ஆறிப்போச்சே" என்றார்.

"அடுப்பு மந்தமாக எரிகிறது" என்றேன்.

சொல்லிவிடலாம். எனக்குத் தெரியும் என்று ஒரு வரி போதும். நான் அறிந்துவிட்டேன் என்று அவருக்கும் தெரிந்திருக்கலாம், செருப்பைப் பார்த்தவர்தானே. நான் கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டிவரும். டிப்போவில் தலைகுனிந்து நின்றதைப் போல இன்னொரு முறை. அதுவும் என்னிடம். அதற்குப் பிறகு பொற்கொடியிடம்.

சொல்லாவிட்டால் நிலவன் அந்தக் காரில் பின்சீட்டில் உட்காருவான்.

இந்த இரண்டுக்கும் நடுவே வாக்கியம் ஒன்று அமையவில்லை.

தை 8

காலை முழுவதும் பொற்கொடிக்கு என்ன சொல்வது என்று எழுதி எழுதிக் கிழித்தேன். எழுதியவை எல்லாம் நன்றாகவே இருந்தன. எதிலும் அவருடைய மானம் தப்பவில்லை.

தை 9

பொற்கொடி அழைத்தாள். மாலை விளக்கேற்றிய நேரம். அவர் தம் நாற்காலியில் இருந்தார். பேசியை ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அம்மா, நாளைக்குக் கார் புக் பண்ணணும். சலுகை முடியப் போகுது. அப்பாவோட லைசென்ஸ ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. வேற எதுவும் வேணுமா?"

அவர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்ல வந்தாரா, "அனுப்புதோம் மக்கா" என்று சொல்ல வந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எதையும் நான் கேட்க விரும்பவில்லை.

"பொற்கொடி, என்னால் ஒரு தவறு நடந்துவிட்டது" என்றேன்.

"என்னம்மா?"

"வெளிநாட்டில் ஓட்டுவதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டுமாம். நம் ஊர் லைசென்ஸே போதும் என்று நான் நினைத்துவிட்டேன். சரியாகப் படிக்கவில்லை. நேற்றுத்தான் தெரிந்தது. இனிமேல் விண்ணப்பித்து வாங்க நாள் போதாது. அப்பாவால் ஓட்ட முடியாது."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது.

"அம்மா! நீயா? சோப்பு டப்பால எழுதியிருக்கதையே ரெண்டு தடவ படிக்கிற ஆளு! நீயா படிக்காம விட்ட?"

"ஆமாம். என்னுடைய அறியாமைதான்" என்றேன். 'அறியாமை' என்ற சொல்லை என்னைக் குறித்து நான் பயன்படுத்தியது அதுவே முதல் முறை. ஒரு கல்லை வாயில் போட்டுக்கொண்டது போல இருந்தது.

"சரி விடு, வயசாகுதுல்ல ஒனக்கு. டிரைவரோட வண்டி கிடைக்கும், அதையே எடுத்துருவோம். அப்பா? அப்பா, லைன்ல இருக்கீங்களா? ஒங்களுக்குத்தான் ஏமாத்தம். ஆசையா இருந்தீங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் நெற்றியைக் கூடச் சுருக்காமல் நின்றேன்.

திடீரென்று அவர் எழுந்தார். பஸ் நிலையத்தில் இரைச்சலுக்கு மேலே கேட்கும் அந்தப் பழைய குரல் வந்தது.

"என்னத்தட்டி படிச்ச நீ? பெரிய படிப்பாளி! ஊருக்கெல்லாம் மனு எழுதத் தெரியுது, சொந்த வீட்டுக்காரியம் பாக்கத் தெரியல! மேசை நெறய மேப்ப விரிச்சு வச்சிட்டு ஒரு மாசமா என்னத்தக் கிழிச்ச? என் புள்ளைக்கு நான் வண்டி ஓட்டணும்னு நெனச்சேன், அதுல மண்ணப் போட்டுட்டியே!"

"அப்பா, விடுங்கப்பா. பாவம் அம்மா. திட்டாதீங்க" என்றாள் பொற்கொடி. "நிலவன் முழிச்சுக்கிட்டான், நான் அப்புறம் பேசறேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. பேசியின் திரை அணைந்தது.

அவர் நிறுத்தவில்லை. "அறிவு வேணாமா? முன்னாலேயே சொல்லியிருக்கணுமா இல்லையா? எத்தன நாளு மறைச்சு வைப்ப? எத்தன நாளைக்கு? ஒரு புள்ள உசுரு சம்மந்தப்பட்டதுன்னு தெரியாதா ஒனக்கு? பக்கத்துல இருக்கவன் சொன்னா அவனப் பகையாளியாக்குவியா?" என்று திட்டிக்கொண்டே போனார். கேட்பதற்கு வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். குரல் உயர்ந்து, நடுங்கி, தேய்ந்துகொண்டே வந்தது. யாரைத் திட்டினார் என்பது குறித்து நான் ஊகம் எதையும் எழுதப்போவதில்லை.

அவர் தேடாமல் இருக்கும்படி அவருடைய இடப்பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டேன். அவர் திட்டி முடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.